ஒன்பதாவது கால்

ஸ்பிளிட் ஏசியின் ரிமோட்டை அழுத்தியதும் 'பீப்' என்று ஒரு சத்தம். முன்பக்கத்து ஃபிளாப் அவசரமே இல்லாமல் திறக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே 'டக்' என்கிறது. வெளியே மாடியில் கம்ப்ரசர் உறுமத் தொடங்குகிறது. பீப் போட்டது பஸ்ஸர், ஃபிளாப்பைத் திருப்பியது விரல்கடை அளவுள்ள ஒரு ஸ்டெப்பர் மோட்டார், டக் என்றது ரிலே. மூன்றுக்கும் உத்தரவு ஒரே மைக்ரோகன்ட்ரோலரிடமிருந்துதான் வருகிறது. ஆனால் அது எதையும் நேரடியாகத் தொடுவதில்லை. நடுவில் பதினாறு கால்களோடு ஒரு கறுப்பு ஐசி இருக்கும். பெரும்பாலான போர்டுகளில் அதன் முதுகில் யூஎல்என்2003 என்ற எழுத்துகளைப் பார்க்கலாம். சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். பழுது பார்ப்பவர்கள் 'யூஎல்என்' என்றே கூப்பிடுவார்கள். வாஷிங் மெஷினிலும் மைக்ரோவேவ் அவனிலும் இதன் உறவினர்களைக் காணலாம்.

ஏன் இந்த இடைத்தரகர்? மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு கால் தரக்கூடிய மின்னோட்டம் சொற்பம். ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் எந்தக் காலிலிருந்தும் 40 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுத்துவிடக் கூடாது. 20-க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. நீல டப்பா வடிவில் கடைகளில் கிடைக்கும் சாதாரண 5 வோல்ட் ரிலேயின் காயில் 70 ஓம். ஓம் விதிப்படி அது 71 மில்லி ஆம்பியர் கேட்கும். சிப்பால் கொடுக்க முடியாது. அதோடு ரிலே 12 வோல்ட்டில் ஓடுவதாக இருந்தால், 5 வோல்ட் சிப்பை அதன் பக்கத்தில்கூட விட முடியாது.

இந்த இடைவெளியை நிரப்ப ஒரு டிரான்சிஸ்டர் போதும். ஒரு ரிலே என்றால் ஒரு டிரான்சிஸ்டர், அதன் பேஸுக்கு ஒரு ரெசிஸ்டர், காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு. ஏழு ரிலே என்றால் இருபத்தொரு உதிரிபாகங்கள், நாற்பத்தொன்பது சால்டரிங் புள்ளிகள். 1970-களில் அமெரிக்காவின் ஸ்ப்ரேக் எலக்ட்ரிக் நிறுவனம் இந்தக் கூட்டத்தை ஒரே சிலிக்கான் சில்லில் அடக்கி விற்க ஆரம்பித்தது. யூஎல்என்2003-இல் ஒவ்வொன்றும் 50 வோல்ட் வரை தாங்கி, 500 மில்லி ஆம்பியர் வரை இழுக்கக்கூடிய ஏழு சுவிட்சுகள் உள்ளன. அதன் தம்பி யூஎல்என்2803-இல் எட்டு. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் கணினிக்காரர்களுக்கு எட்டுதான் வசதி. இன்று ஸ்ப்ரேக் என்ற பெயர் இந்த ஐசிகளில் இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், எஸ்டி போன்றவர்கள் அதே கால் வரிசையோடு இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

உள்ளே இருப்பது வெறும் ஏழு டிரான்சிஸ்டர்கள் அல்ல, ஏழு ஜோடிகள். பெல் ஆய்வகத்தில் மின்வடிப்பான்களின் கணிதத்தில் பெயர் வாங்கிய சிட்னி டார்லிங்டன், இரண்டு மூன்று டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில், பொதுவான கலெக்டரோடு செய்வதற்கு 1953-இல் காப்புரிமை பெற்றார். ஜாக் கில்பி முதல் ஐசியைச் செய்து காட்டியது 1958-இல் என்பதை நினைத்தால், அது எவ்வளவு முன்கூட்டி வந்த யோசனை என்பது புரியும். முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டர் இரண்டாவதன் பேஸுக்குத் தீனி போடுகிறது. ஒன்று நூறு மடங்கு பெருக்கினால், இரண்டும் சேர்ந்து காகிதக் கணக்கில் பத்தாயிரம். பெரிய மின்னோட்டங்களில் பெருக்கம் குறைந்துவிடும் என்பதால் நடைமுறைக்கு ஆயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். யூஎல்என்2003-இன் உள்ளீட்டில் 2.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஏற்கெனவே உள்ளது. இரண்டு பேஸ் சந்திகளும் சேர்ந்து 1.4 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 5 வோல்ட்டில் மீதி 3.6 வோல்ட்டை 2.7 கிலோ ஓமால் வகுத்தால் 1.3 மில்லி ஆம்பியர். மைக்ரோகன்ட்ரோலருக்கு அது ஒரு சுமையே இல்லை.

ஜோடிக்கு ஒரு விலையும் உண்டு. முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரும் வெளியீட்டோடுதான் இணைந்திருக்கிறது. வெளியீட்டின் மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்துவிட்டால், முதல் டிரான்சிஸ்டரால் இரண்டாவதன் பேஸை 0.7 வோல்ட்டுக்குத் தூக்கிப் பிடிக்க முடியாது. எனவே சுவிட்ச் முழுவதும் 'ஆன்' ஆனபோதும் அதன் மேல் 100 மில்லி ஆம்பியரில் சுமார் 0.9 வோல்ட்டும், 350-இல் சுமார் 1.3 வோல்ட்டும் நிற்கும். 12 வோல்ட்டில் ஓடும் ரிலே இதைப் பொருட்படுத்தாது. ஏசி ஃபிளாப் மோட்டாரின் 5 வோல்ட் வடிவமான 28பிஒய்ஜே-48, மின்னணு கற்கும் மாணவர்கள் எல்லோர் கையிலும் இருப்பது. அதற்கு இது வலிக்கும். அதன் ஒரு சுற்று 50 ஓம். 100 மில்லி ஆம்பியர் கிடைக்க வேண்டிய இடத்தில் 82-தான் கிடைக்கிறது. முறுக்குவிசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிப்புக்குள்ளேயே சூடாகக் கரைகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் காயிலை 'ஆன்' செய்வது பற்றி. அது எளிய பாதி. கடினமான பாதி, அதை 'ஆஃப்' செய்வது.

1829 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி அகாடமியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்துக்கொண்டிருந்த ஜோசப் ஹென்றி, மின்கலத்திலிருந்து கம்பியைப் பிரிக்கும்போது எழும் பொறியைக் கவனித்தார். குட்டைக் கம்பியைப் பிரித்தால் பொறி ஏறக்குறைய இல்லை. நீளமான கம்பியைப் பிரித்தால் நன்றாகத் தெரிந்தது. அதே நீளக் கம்பியைச் சுருளாகச் சுற்றிவிட்டுப் பிரித்தால் இன்னும் பளிச்சென்றது. மின்கலம் அதேதான், வேறு எதுவும் மாறவில்லை. சுருள் தன்மீதே ஏதோ செய்கிறது என்ற முடிவுக்கு வந்து, 1832-இல் அதைப் பிரசுரித்தார். லண்டனில் மைக்கேல் ஃபாரடே தனியாக இதே இடத்துக்கு 1834-இல் வந்து சேர்ந்தார். இந்தத் தன்மின்தூண்டலின் அலகுக்கு 1893-இல் சிகாகோ மின்னியல் மாநாடு 'ஹென்றி' என்று பெயர் வைத்தது. ஹென்றி அதே ஆல்பனியில் ஒரு மைல் நீளக் கம்பியின் மறுமுனையில் மின்காந்தத்தால் மணியடித்துக் காட்டியவரும்கூட. காயிலைத் தூரத்திலிருந்து இயக்கும் வேலையையும் காயிலைத் துண்டிக்கும்போது வரும் தொல்லையையும் ஒரே ஆள் கண்டுபிடித்தார் என்பதில் எனக்கு ஒரு தனி ரசனை.

காயிலில் மின்னோட்டம் பாயும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் எழுகிறது. அந்தப் புலத்தில் ஆற்றல் தங்கியிருக்கிறது. மின்னோட்டத்தை மாற்ற முயன்றால், மாற்றத்தின் வேகத்துக்கு ஏற்ற அளவில் காயில் தன் முனைகளில் ஒரு மின்னழுத்தத்தை எழுப்பும், அந்த மாற்றத்தை எதிர்க்கும் திசையில். சுவிட்சை மூடும்போது இது நல்ல பிள்ளை: மின்னோட்டம் மெல்ல ஏறும், அவ்வளவுதான். திறக்கும்போதுதான் வினை. டிரான்சிஸ்டர் ஒரு மைக்ரோ நொடிக்குள் அணைந்துவிடுகிறது. காயிலின் மின்னோட்டமோ பாய்ந்தே தீருவேன் என்கிறது.

எண்களில் பார்ப்போம். 12 வோல்ட் ரிலே ஒன்று. காயில் 400 ஓம், எனவே 30 மில்லி ஆம்பியர். தூண்டல் அளவு அரை ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். தங்கியிருக்கும் ஆற்றல் 0.000225 ஜூல். ஒரு கிராம் எடையை இரண்டேகால் சென்டிமீட்டர் தூக்குவதற்கான அளவு. சிரிப்பு வரும் தொகை. ஆனால் டிரான்சிஸ்டர் வழியை அடைத்தபின் அந்த ஆற்றலுக்கு ஒதுங்க இடம் எங்கே? கம்பிகளுக்கும் கால்களுக்கும் இடையே தானாக அமைந்த மின்தேக்கத்தில்தான். அது ஒரு 100 பிக்கோ ஃபாரட் இருக்கும். அவ்வளவு சின்ன இடத்துக்குள் அந்த ஆற்றல் முழுவதும் போக வேண்டுமானால், மின்னழுத்தம் 2,100 வோல்ட் வரை ஏற வேண்டும். நிஜத்தில் காயிலின் இரும்பிலும் சுற்றுகளிலும் கொஞ்சம் வீணாகிவிடும். ஆனாலும் ஆசிலோஸ்கோப்பில் நூற்றுக்கணக்கான வோல்ட் தெரியும். 50 வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டர் அதற்கு வெகு முன்பே உடைந்து வழிவிட்டுவிடும்.

இந்த மின்னழுத்த உதையைத் தேடிப்போய் வாங்குகிறவர்களும் உண்டு. பெட்ரோல் அம்பாசிடர் காரின் இக்னிஷன் காயிலில் பாயின்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் 12 வோல்ட் மின்கலம் சில நூறு வோல்ட் உதையாகி, இரண்டாம் சுற்றில் பல ஆயிரமாகப் பெருகி, ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறியாகிறது. பிக்சர் டியூப் டிவி மெக்கானிக்குகள் 'ஈஎச்டி' என்று அழைத்துக் கை வைக்கப் பயந்த பாகமும் இதே வித்தைதான். வண்ண டிவியில் 25,000 வோல்ட்டை நெருங்கும்.

நம் போர்டில் அந்த உதை ஒரே அடியில் எதையும் கொல்லாமல் போகலாம் என்பதே பெரிய தொல்லை. டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறையும் உடைந்து, தாங்கி, மீண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். மேசைமேல் நாள் முழுக்க ஒழுங்காக ஓடிய சர்க்யூட் இரண்டு மாதம் கழித்துச் சாகும். அல்லது டிரான்சிஸ்டர் பிழைத்துக்கொள்ள, உதையின் அதிர்வைப் பக்கத்துக் கம்பிகள் பிடித்து, மைக்ரோகன்ட்ரோலர் திடீரென்று ரீசெட் ஆகும். ரிலே அணையும்போதெல்லாம் டிஸ்ப்ளே குழம்புகிறது என்று யாராவது சொன்னால், நிரலைத் திறந்து பார்ப்பதற்கு முன் காயிலைப் பாருங்கள்.

மருந்து ஒரு டையோடு. காயிலுக்குக் குறுக்கே, வழக்கமான மின்னோட்டத்துக்கு எதிராகத் திருப்பி வைக்கப்பட்டது. காயில் 'ஆன்' ஆக இருக்கும்வரை அது இருப்பதே தெரியாது. துண்டித்த கணத்தில் காயிலின் கீழ்முனை மேலே எகிறும். மின் வழங்கியை விட 0.7 வோல்ட் தாண்டியதும் டையோடு திறந்து, மின்னோட்டத்தைக் காயிலுக்கே திருப்பி அனுப்பும். 2,100 என்று பயமுறுத்தியது 12.7 வோல்ட்டோடு நின்றுவிடும். ஆற்றல் காயிலின் சொந்த ஓம்களிலேயே சூடாகித் தீரும்.

யூஎல்என்2003-இல் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இப்படியொரு டையோடு உள்ளேயே உண்டு. ஏழு டையோடுகளின் கேத்தோடுகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே காலில் வெளியே வருகின்றன: ஒன்பதாவது கால், டேட்டாஷீட்டில் 'காம்'. எட்டாவது கால் கிரவுண்ட். அதை எங்கே இணைப்பது என்று யாருக்கும் சந்தேகம் வராது. ஒன்பதாவதில்தான் மாணவர்கள் முதல் அனுபவசாலிகள் வரை வழுக்குவார்கள். அதை எதனோடும் சேர்க்காமல் விட்டாலும் ரிலே அழகாக வேலை செய்வதே காரணம். உள்ளே ஏழு டையோடும் இருக்கும். மறுமுனை மட்டும் அந்தரத்தில் தொங்கும்.

தொங்கவிடுவதை விட மோசமான தவறு ஒன்று உண்டு: ரிலேக்கள் 12 வோல்ட்டில் இருக்க, ஒன்பதாவது காலை 5 வோல்ட் வழியில் இணைத்துவிடுவது. இப்போது 12 வோல்ட்டிலிருந்து காயில் வழியாக, டையோடு வழியாக, 5 வோல்ட் கம்பிக்கு ஒரு நிரந்தரப் பாதை திறந்துவிட்டது. காயிலின் மேல் எப்போதும் 6.3 வோல்ட் நிற்கும். சாதாரண 12 வோல்ட் ரிலே இழுபடுவதற்கு 9 வோல்ட் வேண்டும். ஆகவே போர்டுக்கு மின்சாரம் கொடுத்ததும் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். ஒருமுறை 'ஆன்' செய்து 'ஆஃப்' செய்தால்தான் விஷயம் வெளிப்படும்: ஒட்டிய ரிலே விடவே விடாது. இழுபட்ட ரிலே விடுபடும் என்று உறுதியாகச் சொல்ல, அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட்டுக்குத் தாழ வேண்டும். நிரலில் பிழை என்று ஒரு பொழுது போகும், ரிலேயில் ஒட்டல் என்று இன்னொரு பொழுது போகும். இதற்கிடையே ஒவ்வொரு காயிலும் 16 மில்லி ஆம்பியரை 5 வோல்ட் கம்பிக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். 7805 போன்ற ரெகுலேட்டருக்கு மின்னோட்டத்தைக் கொடுக்கத் தெரியும், வாங்கிக்கொள்ளத் தெரியாது. ஏழு ரிலேயும் சேர்ந்து நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் தள்ள, 5 வோல்ட் மெல்ல ஆறாகி ஏழாகும். அந்தக் கம்பியில்தான் மைக்ரோகன்ட்ரோலரும் இருக்கிறது. ஒன்பதாவது கால் போக வேண்டிய இடம் எப்போதும் சுமைக்கு மின்சாரம் தரும் கம்பிதான்.

சரியாக இணைத்துவிட்டால் கதை முடிந்ததா? டையோடு உதையை அடக்குகிறது என்பது உண்மை. ஆனால் மின்னோட்டத்தை அது அவசரமில்லாமல் சுற்றவிடுகிறது. மின்னோட்டம் சுற்றும்வரை காந்தப்புலமும் இருக்கும், ரிலேயும் விடாது. விடும்போதும் தயங்கித் தயங்கி விடும்; தொடர்புத் தகடுகள் மெதுவாகப் பிரிந்தால் நடுவில் மின்வில் எரியும், தகடு கருகும், சில வேளை உருகி ஒட்டிக்கொள்ளும். மோட்டாரையோ கம்ப்ரசரையோ துண்டிக்கும் ரிலேக்கு இது ஆயுளைக் குறைக்கும் விஷயம். பல சர்க்யூட்டுகளில் டையோடு இருந்தால் போதும் என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பாதி வேலையாகவே படுகிறது.

காயிலின் மின்னோட்டம் தணியும் வேகம், அதன் முனைகளில் நாம் அனுமதிக்கும் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. அதிகம் அனுமதித்தால் சீக்கிரம் தணியும். எனவே ஒன்பதாவது காலுக்கும் 12 வோல்ட்டுக்கும் நடுவில் 24 வோல்ட் ஜீனர் டையோடு ஒன்றைச் சேர்க்கலாம். மேலே சொன்ன ரிலேயின் மின்னோட்டம் 30-இலிருந்து 3 மில்லி ஆம்பியருக்கு இறங்க, வெறும் டையோடோடு சுமார் 2.4 மில்லி நொடி ஆகும். ஜீனர் சேர்த்தால் 0.44 மில்லி நொடி. ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வெளியீட்டுக் கால் அப்போது 12, 24, 0.7 எல்லாம் சேர்ந்து 37 வோல்ட்டுக்கு ஏறும். 50-க்குள் இருப்பதால் கவலை இல்லை. ஆனால் 24 வோல்ட் ரிலேக்கு அதே ஜீனரைப் போட்டால் கிட்டத்தட்ட 49 வோல்ட்; அந்த விளையாட்டு வேண்டாம், சிறிய ஜீனர் போதும். ஏழு காயிலுக்கும் ஒரே ஒரு ஜீனர் என்பது ஏழு கேத்தோடுகளையும் ஒரே காலில் சேர்த்ததால் கிடைத்த ஆதாயம்.

ஸ்டெப்பர் மோட்டாரில் இந்த ஜீனருக்கு இன்னொரு வேலையும் வருகிறது. ஃபிளாப் மோட்டாரின் ஐந்து கம்பிகளில் ஒன்று நடுமுனை, நான்கு ஓரமுனைகள். ஒரே இரும்பில் சுற்றிய இரண்டு பாதிகளில் ஒன்றை டிரான்சிஸ்டர் கிரவுண்டுக்கு இழுத்ததும், மற்றப் பாதியின் முனை டிரான்ஸ்ஃபார்மர் போல மின் வழங்கியின் இரு மடங்குக்கு எகிறப் பார்க்கும். டையோடு அதை உடனே பிடித்து நிறுத்துவதால், புதிய காந்தப்புலம் எழுவது தாமதமாகும்; ஜீனர் இருந்தால் அந்த முனை எகிற இடம் கிடைக்கும். ஃபிளாப்பைத் திருப்பும் வேகத்தில் இதை யாரும் கவனிக்கப் போவதில்லை. வேகமாக ஓட வேண்டிய மோட்டாரில் கவனித்தே ஆக வேண்டும்.

ஏழு சுவிட்ச், தலைக்கு 500 மில்லி ஆம்பியர் என்றதும் மூன்றரை ஆம்பியர் கிடைக்கும் என்று மனம் கணக்குப் போடும். டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தை மட்டும் படித்தால் வரும் கணக்கு அது. ஏழு வெளியீட்டின் மின்னோட்டமும் எட்டாவது கால் வழியாகத்தான் கீழே போக வேண்டும்; அதன் எல்லை 2.5 ஆம்பியர். அதற்கு முன்பே சூடு வந்து நிற்கும். தலைக்கு 350 மில்லி ஆம்பியர், 1.3 வோல்ட் என்றால் ஒன்றுக்கு 0.455 வாட், ஏழுக்கும் 3.2 வாட். பதினாறு கால் பிளாஸ்டிக் ஐசி ஒரு வாட்டுக்குக் கிட்டத்தட்ட 67 டிகிரி சூடேறும். சுற்றுப்புறத்தை விட இருநூறு டிகிரிக்கு மேல். சிலிக்கான் தாங்குவதோ 150. ஏழையும் ஒரே நேரத்தில் தொடர்ந்து ஓட்டுவதென்றால் தலைக்கு நூறு மில்லி ஆம்பியரை ஒட்டி வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. அதிக மின்னோட்டம் வேண்டுமானால், கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும்: டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரின் ஊசிகளை அடிக்கும் குட்டி சாலினாய்டுகள் அப்படித்தான் ஓடின. சில டேட்டாஷீட்டுகளின் பயன் பட்டியலில் 'சுத்தியல்' என்ற சொல் இன்றும் இருப்பது அந்தக் காலத்து அச்சுப்பொறிகளின் மிச்சம்.

டார்லிங்டன் ஜோடி தின்னும் அந்த ஒரு வோல்ட்டைத் தவிர்க்க இப்போது மாஸ்ஃபெட் வைத்த மாற்றுகள் வந்துவிட்டன. தோஷிபாவின் டிபிடி62003, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஎல்7407எல் இரண்டும் அப்படிப்பட்டவை. கால் வரிசை பழையதேதான். பழையதைக் கழற்றிய இடத்தில் இதைப் பொருத்தலாம், சூடு வெகுவாகக் குறையும். ஆனால் டிபிஎல்7407எல் வாங்குகிறவர் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அது தாங்குவது 40 வோல்ட்தான், 50 அல்ல. இரண்டாவது, அந்தச் சிப்பின் மாஸ்ஃபெட்டுகளைத் திறந்துவிடும் உள்சுற்று, தனக்கு வேண்டிய மின்சாரத்தை ஒன்பதாவது காலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, குறைந்தது 8.5 வோல்ட் கேட்கிறது. அந்தக் காலைத் தொங்கவிட்டுப் பழகியவர்களுக்கு இதில் காயிலை ஒழுங்காக 'ஆன்' செய்யவே முடியாது. 28பிஒய்ஜே-48 மோட்டாரோடு வரும் குட்டி போர்டில் சாக்கெட் இருக்கிறதே என்று யூஎல்என்னைப் பிடுங்கிவிட்டு இதைச் செருகினால், அங்கே அந்தக் காலுக்கு வருவது மோட்டாரின் 5 வோல்ட் மட்டுமே.